தீப்பெட்டி வாங்கினால் சண்டை இலவசம்

ராயபுரம், சென்னை
20-1-58

அன்புள்ள அக்காவுக்கு தம்பி காளிராஜ் எழுதுவது. நான் சௌக்கியம். பொங்கலுக்கு வந்து திரும்பும்போது நீ கட்டிக் கொடுத்த சாத்தூர்ச் சேவு துறைமுகத்து ஆட்களிடம் அகப்பட்டு ஒரே நாளில் காலி. அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா?

ஊரில் இருந்தபோது இதைச் சொல்ல வாய் வரவில்லை. நவம்பர் மாதம் பெரம்பூர் டெரன்ஸோடு நான் போட்ட குத்துச்சண்டையில் தோற்றுவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, நான் தோற்கவில்லை அக்கா. எட்டு ரவுண்டும் அவன்தான் பின்வாங்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் நடுவர் அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த ஜனம் செருப்பை எறிந்தது. டெரன்ஸே என்னிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு கை கொடுத்தான்.

மறுபடி ஒரு சண்டை வேண்டும் என்று பந்தயம் நடத்துகிற காண்டிராக்டரிடம் கேட்டேன். "டிக்கெட்டில் பாதியை வரியே தின்னுது, மீதியை மைதான வாடகையும் விளக்கும் தின்னுது. வேணும்னா உன் ஊர்ல தீப்பெட்டியை அடுக்கி மேடை போட்டு நடத்து" என்று சிரித்தார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நடத்திக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டெரன்ஸுக்கு ஐந்நூறு ரூபாயும் ரயில் செலவும் கொடுத்தால் எந்த ஊருக்கும் வருவான். ஆனால் ஜூன் மாதம் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுகிறான். அதற்கு முன்னால் நடந்தால்தான் உண்டு.

நீ தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவள், நாலு பேரைத் தெரிந்தவள். உன்னால் முடியும். பகலில், திறந்த வெளியில் நடக்க வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை. விளக்கு வெளிச்சம் ஆகாது. இங்கே என்றால் குத்துச்சண்டைச் சங்கத்து டாக்டர் சீட்டு அது இது என்று ஆயிரம் தொல்லை. நம் ஊரில் அது கிடையாது.

உன் தம்பி
காளிராஜ்

*

தாயில்பட்டி
3-2-58

தம்பி காளிராஜுக்கு அக்கா சண்முகத்தாய் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நலம், உன் அத்தானின் முழங்காலைத் தவிர. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்தேன். எவனோ ஒருத்தன் நம்மைப் பார்த்துச் சிரிப்பானாம், நாம் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டுமாம். மறுநாளே உன் அத்தானைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினேன். அங்கே சினிமாக் கொட்டகை ஒன்றில் வாடகை கேட்டேன். பகல் காட்சிக்கு இடம் தருகிறேன், முதலில் கேளிக்கை வரி ஆபீசில் அனுமதி வாங்கி வா என்றார்கள். போனேன். குமாஸ்தா ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சினிமா, நாடகம், சர்க்கஸ். ஒங்களுது எதும்மா?"

"மூணும் இல்லீங்க. குத்துச்சண்டை."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"அப்ப வரியும் இல்லையா?"

"அப்படிச் சொல்ல முடியாது. மூணுல எதுக்கு வரி கூடவோ அதுல போட்டுற வேண்டியதுதான்."

டிக்கெட்டு அத்தனையையும் முன்கூட்டியே கொண்டுபோய் முத்திரை போட வேண்டுமாம். அத்தனைக்கும் வரியை முன்பணமாகக் கட்ட வேண்டுமாம். விற்காத டிக்கெட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எழுதிப் போட்டால் பிறகு பரிசீலிப்போம் என்றார். யானை வாயில் போன கரும்பைப் பரிசீலித்து எடுத்தவர் யார்? "வராத ஆளுக்கும் வரி கட்டுறதுக்கு நான் என்ன கேணச்சியா" என்று கேட்டுவிட்டேன். உன் அத்தான் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது, "நமக்கு எதுக்குத்தா இந்தப் பொல்லாப்பு" என்று நாலு தடவை சொன்னார். நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். சண்டை நடக்கும். டிக்கெட்டு இருக்காது. எப்படி என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

அக்கா
சண்முகத்தாய்

*

ராயபுரம்
10-2-58

அக்காவுக்கு வணக்கம். நலம். உனக்கும் அது போலவே இருக்க வேண்டும்.

நீ குமாஸ்தாவைக் கேட்ட கேள்வியை இங்கே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். காண்டிராக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அது போதும் எனக்கு.

எப்படியாவது ஒரு இடம் பார் அக்கா. பகல் என்பதை மறந்துவிடாதே. இன்னொன்று, எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக எழுது. இங்கே அறையில் வெளிச்சம் போதவில்லை.

காளிராஜ்

*

தாயில்பட்டி
1-3-58

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். உனக்காக ஒவ்வொரு எழுத்தையும் இட்லி மாதிரி எழுதுகிறேன், இரண்டு பக்கம் கூடச் செலவாகிறது. உடம்பு எப்படி இருக்கிறது என்று இனி விவரமாக எழுது. 'நலம்' என்று ஒரு வார்த்தையில் முடித்தால் எனக்குப் போதாது.

இடம் கிடைத்துவிட்டது. இருக்கன்குடிக் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கூடுகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தாலும் போதும் என்று முதலில் அங்கேதான் நினைத்தேன். ஆடி வருவதற்குள் உன் டெரன்ஸ் கப்பலில் இருப்பான். ராத்திரி எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே உன் அத்தான் சொன்னார், "ஊரான் எடத்தையே பாக்குறியே, நம்ம கரிசக்காடு சும்மாதான கெடக்கப் போகுது." இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல யோசனை இதுதான். சித்திரையில் பருத்தி எடுத்து முடிந்துவிடும். காய்ந்து நிற்கிற பருத்திமார்க் குச்சியைப் பிடுங்கிச் சுற்றிலும் வேலி போட்டால் அதுதான் கொட்டகை. வாடகையும் கிடையாது, நகராட்சியும் கிடையாது. அக்கம்பக்கம் முழுக்கப் பட்டாசுக் கம்பெனி, அங்கே யாரும் பெட்ரோமாக்ஸ் கொளுத்த விடமாட்டார்கள். ஆகவே நீ கேட்ட பகலும் தானாக வந்து சேர்ந்தது.

மே மாதம் 25, ஞாயிற்றுக்கிழமை. இப்போது டிக்கெட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆபீசில் 'குத்துவீரன் மார்க்' என்று புதுத் தீப்பெட்டி போடுகிறேன். ஒரு டஜன் பெட்டி அடங்கிய கட்டு வாங்கினால் கட்டின்மேல் பெரிய லேபிள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தால் உள்ளே விடுவோம். விலை கடை விலைதான், சண்டைக்கென்று ஒரு காசு கூட வாங்கப் போவதில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் சர்க்கார் வரிச்சீட்டை நம் ஆபீஸ் பெண்கள் ஏற்கெனவே பசை தடவி ஒட்டிவிட்டார்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை வரிதான் கட்டுவது? கட்டு ஆயிரக்கணக்கில் போனால் டெரன்ஸின் ஐந்நூறு அதில் வந்துவிடும்.

சிவகாசி அச்சாபீசிலிருந்து வந்த முதல் லேபிளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பொங்கல் போட்டோவைப் பார்த்து வரைந்தது. பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறது என்று எழுது.

அக்கா

*

ராயபுரம்
9-3-58

அன்பு அக்காவுக்கு. உடம்பு எஃகு. விவரம் வேண்டுமென்றால், எடை நூற்று முப்பத்தாறு பவுண்டு, காலையில் ஐந்து மைல் ஓட்டம், இரண்டு வேளை சோறு, ஒரு வேளை பட்டினி.

நீ மந்திரியாக இருக்க வேண்டியவள். கடிதத்தைப் படித்ததும் துறைமுகத்தில் மூட்டையைப் போட்டுவிட்டு ஆடினேன். லேபிள் பிரமாதம். அச்சு அசலாக நான்தான். சிவப்புக் கையுறை எடுப்பாக இருக்கிறது. ஒரு குறையும் சொல்வதற்கில்லை, அப்படியே அடிக்கச் சொல்.

டெரன்ஸ் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

காளிராஜ்

*

தாயில்பட்டி
17-3-58

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. மூவாயிரம் கட்டுக்கு ஆர்டர் வந்துவிட்டது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை எல்லாக் கடையிலும் உன் மூஞ்சிதான். நேற்று வரி இன்ஸ்பெக்டர் ஜீப்பில் நம் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"இந்த லேபிள்தான் டிக்கெட்டும்மா."

"கடையில கேட்டுப் பாருங்க. எல்லாத் தீப்பெட்டியும் விக்கிற வெலதான் இதுவும். சண்டை நான் சும்மா காட்டுறேன். எங்க காட்டுல, எங்க தம்பியை. நீங்களும் வாங்க, ஒங்களுக்கு லேபிள் கூட வேணாம்."

பெண்கள் குச்சி அடுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சண்டைக்கும் சேத்துத்தான் காசு வாங்குனேன்னு நீங்களா கைப்பட எழுதிக் குடுத்தாத்தான் நான் தடை போட முடியும். நீங்க எழுதித் தரவா போறீக?" "நானா? என் கை முறிஞ்சாலும் எழுத மாட்டேன்" என்றேன். ஒரு கட்டுக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இது முடிந்தது. இனி கேட்கிறேன், பதில் சொல்.

நான் அனுப்பிய லேபிள் கழிவு லேபிள். சிவப்புக் கலர் அரை விரல் விலகி, கையுறை இரண்டும் உன் கையில் இல்லாமல் காதுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நீ பார்த்துவிட்டுக் கத்துவாய், நான் சிரிக்கலாம் என்றுதான் அதை அனுப்பினேன். நீ ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எழுத்தைப் பெரிசாக எழுதச் சொன்னாய். விளக்கு வெளிச்சம் ஆகாது என்றாய். டாக்டர் சீட்டு தொல்லை என்றாய். பொங்கலன்று நான் வலது பக்கம் நின்று கூப்பிட்டதற்கு நீ முழுசாகத் திரும்பினாய். அது பழைய கதை, எனக்குத் தெரியும். இடது பக்கம் நின்று தண்ணீர் நீட்டினேனே, செம்பைத் தடவி அல்லவா வாங்கினாய். அன்றைக்கு விளையாட்டு என்று நினைத்துவிட்டேன்.

இருக்கிற அந்த ஒரு கண்ணுக்கு என்னலே ஆச்சு?

சண்முகத்தாய்

*

ராயபுரம்
26-4-58

அக்காவுக்கு. நலமாக இருக்கிறேன். பதில் தாமதம், வேலை அதிகம்.

அப்படி எழுதிவிட்டுத் தாளை மடித்துவிட்டேன். பிறகு பிரித்துவிட்டேன். உனக்குப் பொய் எழுதினால் நீ அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாய்.

எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் காட்டினேன். நவம்பர் சண்டையில் இடது கண்ணுக்குள்ளே திரை ஓரத்தில் கிழிந்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்து, இரண்டு மாதம் அசையாமல் படுத்தால் காப்பாற்றலாமாம். அதற்குள் இன்னொரு அடி விழுந்தால் முழுசாகப் போய்விடும் என்கிறார் டாக்டர். வலது கண்ணின் கதை உனக்குத் தெரியும். அதில் நிழல்தான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். மே மாதம் சண்டை. ஜூனில் ஆபரேஷன். டெரன்ஸை என் இடது பக்கம் அண்ட விடமாட்டேன். பகல் வெளிச்சத்தில் எனக்கு அவன் போதுமான அளவு தெரிவான். பதினோரு வருஷம் மூட்டை தூக்கியிருக்கிறேன் அக்கா. ஒரே ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் குறைந்தவனில்லை, அதையும் ஒருத்தன் கையைத் தூக்கிப் பறித்துவிட்டான். கண் போனாலும் பரவாயில்லை, அது திரும்பி வர வேண்டும்.

நீ நிறுத்த நினைக்காதே. காரியாபட்டியில் என் கூட்டாளி சோலைமலை, இன்றைக்குச் சொன்னால் மூன்றாம் நாள் மேடை போடத் தயாராக இருக்கிறான். நீ கதவைச் சாத்தினால் அங்கே போவேன். அண்ணன் தம்பி என்று நான் ஒருத்தன்தான் உனக்கு. என் பக்கம் நில்.

காளிராஜ்

*

தாயில்பட்டி
2-5-58

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். காடு சுத்தமாகிவிட்டது. பருத்திமார் வேலி ஆள் உயரம் நிற்கிறது. மேடைக்குக் கயிறு திரிக்கக் கொடுத்திருக்கிறேன்.

வேறு எங்கேயும் போக வேண்டாம். வா.

அக்கா

*

ராயபுரம்
2-6-58

அக்காவுக்கு. உடம்பைப் பற்றிக் கேட்காதே.

டெரன்ஸ் இன்று காலை கப்பல் ஏறிவிட்டான். துறைமுகத்தில் நின்று பார்த்தேன். கப்பல் மங்கலாகத் தெரிந்தது, அவன் தெரியவில்லை.

எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. நாலாயிரம் பேர் வேலிக்குள்ளே நெருக்கி நின்றார்கள். மரத்தில் எல்லாம் ஆள். கையுறை கட்டியாகிவிட்டது. டெரன்ஸ் எதிர்மூலையிலிருந்து எழுந்தான். அந்த நேரம் பார்த்துப் போலீசோடு அந்த இன்ஸ்பெக்டர் மேடை ஏறித் தாளை வாசிக்கிறார்! 'சண்டைக்கும் சேர்த்துக் காசு வாங்கியது எழுத்து மூலம் தெரிய வந்ததால்' தடை என்று. எழுதிக் கொடுத்தவன் யார்? அந்த சினிமாக் கொட்டகைக்காரனா? உன் ஆபீஸ் கணக்கப்பிள்ளை சங்கரபாண்டியனா? யாரென்று கண்டுபிடித்து எழுது. துறைமுகத்து ஆள் பத்துப் பேரோடு வருகிறேன். அவன் கை விளங்காமல் போக.

இன்னொன்றும் என்னை அரிக்கிறது. ஆபீசுக்கே வந்த இன்ஸ்பெக்டரை வாயடைக்க வைத்தவள் நீ. அன்றைக்கு மேடைக்குக் கீழே மூன்றடி தள்ளி நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன்?

காளிராஜ்

*

தாயில்பட்டி
7-6-58

தம்பிக்கு அக்கா சண்முகத்தாய் எழுதுவது. உன் உடம்பைப் பற்றிக் கேட்கத்தான் செய்வேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

சங்கரபாண்டியனை விட்டுவிடு, அவன் பாவம். எழுதிக் கொடுத்தது நான்.

முந்தின நாள் சாயங்காலம் விருதுநகருக்குத் தனியாகப் போனேன். கடை விலைக்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஆனாலும் வாங்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் தாளை வாங்கவில்லை. "என்னம்மா, யாரும் மெரட்டுனாங்களா?" என்று கேட்டார். "என்னை மெரட்ட இந்த ஜில்லாவில ஆள் இல்லை. கையுறை கட்டுன பெறகு வாங்க, அதுக்கு முன்னால வந்துறாதீக" என்றேன். முன்னால் வந்திருந்தால் நீ அன்றே காரியாபட்டிக்கு ஓடியிருப்பாய், கையுறை கட்டினால் கூட்டத்தை இன்னொரு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. டெரன்ஸையும் பேசிய ஐந்நூறைக் கொடுத்து அன்று ராத்திரியே ரயில் ஏற்றிவிட்டேன்.

நான் வரிக்குப் பயப்படவில்லை. கடைசி வரை ஜெயித்துக்கொண்டுதான் இருந்தேன். ஜெயித்த கையாலேயே தோல்வியை எழுதிக் கொடுத்தேன், அது எவ்வளவு வலித்தது என்று உனக்குத்தான் தெரியும், உன் கையையும் தூக்காமல் விட்டார்கள் அல்லவா.

உனக்கு ஐந்து வயது. எனக்குப் பன்னிரண்டு. அந்தத் தீபாவளிக்கு ஓலைவெடி வெடிக்காமல் கிடந்தது. "அணைஞ்சு போச்சுலே, எடுத்து ஊதிப் பாரு" என்று சொன்னது நான். நீ இதுவரை ஒரு தடவை கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. வீட்டில் கேட்டபோது நீயாகவே எடுத்ததாக எனக்காகப் பொய் சொன்னாய். ஒரு கண்ணை நான் எடுத்துவிட்டேன். இன்னொன்றை எடுக்க என் காட்டில் நானே மேடையும் போட்டுக் கொடுப்பேனா? வேறு யார் மேடை போட்டாலும் உன்னைத் தடுக்க எனக்கு வழியில்லை. அதனால்தான் வா என்று எழுதினேன்.

வந்த ஜனத்துக்கு நஷ்டம் இல்லை. தீப்பெட்டி எரியும். அபராதம் கட்டிவிட்டேன். ரசீதில் குமாஸ்தா 'சர்க்கஸ்' என்று எழுதப் போனார். நடந்தது குத்துச்சண்டை, என் தம்பி குத்துச்சண்டைக்காரன், அப்படி எழுதினால்தான் ரூபாயைக் கொடுப்பேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஸ்கேல் வைத்துப் புதுசாக ஒரு கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தார். ரசீது பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். சனிக்கிழமை உன்னை எழும்பூரில் சேர்ப்பேன். நீ வரமாட்டேன் என்றால் துறைமுக வாசலில் நின்று சத்தம் போடுவேன், என் தொண்டை உனக்குத் தெரியும். என் கை விளங்காமல் போகட்டும் என்று எழுதியிருந்தாய். போகட்டும். கண் தெளிந்த பிறகு என்னை நேருக்கு நேர் பார்த்துத் திட்டு. அது வரைக்கும் நீ திட்டுவது எனக்கு ஏறாது.

அக்கா

*

ராயபுரம்
19-10-58

அக்காவுக்கு.

நீ ஆஸ்பத்திரியில் இருந்த ஐம்பது நாளும் நான் உன்னோடு பேசவில்லை. நீயும் பேசச் சொல்லவில்லை, கஞ்சியை மட்டும் ஊட்டிவிட்டாய். கட்டு அவிழ்க்கிற அன்று பேசுவேன் என்று நினைத்து நீ ஊருக்குப் போகாமல் இருந்தாய். அன்றைக்கும் பேசவில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை மறைக்க மாட்டேன். டெரன்ஸ் என்னை ஜெயித்தான் என்று சாகிற வரைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தீபாவளிக்கு வருகிறேன். அந்த ரசீதை எடுத்து வை, நான் பார்க்க வேண்டும். அத்தானுக்கு முழங்காலுக்குத் தைலம் வாங்கியிருக்கிறேன்.

நேற்று பெட்டியைக் கிளறும்போது நீ அனுப்பிய முதல் லேபிள் கிடைத்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். நீ எழுதியது சரிதான். சிவப்பு அரை விரல் விலகியிருக்கிறது.

இனிமேல் சின்ன எழுத்திலேயே எழுது.

தம்பி
காளிராஜ்